தூங்கும் எலி சொல்லாத ரகசியம்

தர்மபுரிப் பக்கத்தில் உங்களுக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், அடுத்த முறை போகும்போது அவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பட்டுப் புடவைகள் பளபளக்கும். தலை நிறையப் பூ இருக்கும். வரிசையாக நின்று எல்லாரும் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த வரிசையில் சில பெண்கள் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு சிரிப்பார்கள். சிலர் புடவைத் தலைப்பை வாயருகே கொண்டு போயிருப்பார்கள். நாணம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் அந்த ஊர்த் தண்ணீர்!

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல கிராமங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு என்னும் உப்பு அளவுக்கு மேல் கலந்திருக்கிறது. பூமிக்குள் இருக்கும் பாறைகளிலிருந்து கரைந்து வருவது அது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது, மிஞ்சினால் தொல்லை. பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடிக்கும் குழந்தைகளுக்குப் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழுந்துவிடுகிறது. எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. கறை பல்லின் மேலே இல்லையே, பல்லோடு பல்லாக அல்லவா இருக்கிறது! வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டுகள் இறுகிப்போய், உட்கார்ந்தால் எழுந்திருப்பதே பெரும் பாடாகிவிடுகிறது.

இந்த வியாதியை நம் தேசத்தில் டாக்டர்கள் இன்னதென்று கண்டு எழுதியது 1937-ல். அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் கண்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களுக்காக ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல்லிலிருந்து காவேரித் தண்ணீரைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் 2013-ல் அர்ப்பணிக்கப்பட்டது.

“எலி என்று தலைப்புப் போட்டுவிட்டுப் பல்லைப் பற்றி எழுதுகிறீர்களே?” என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். பல்லிலிருந்து எலும்புக்கும், எலும்பிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து எலிக்கும் நேரான வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியில்தான் போகப் போகிறோம்.

உள்ளிருந்து ஏற்றும் விளக்கு

வயிற்றுக்குள் போன புளோரைடுக்கு எலும்பின் மேல் ஒரு தனி ஆசை. ரத்தத்தோடு சுற்றி வந்து, எலும்பு எங்கே புதிதாகக் கட்டப்படுகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. தர்மபுரிப் பாட்டிமார்களின் முழங்காலை வருத்துவது இந்த ஆசைதான். ஆனால் இதே ஆசையை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்று சில விஞ்ஞானிகளுக்குத் தோன்றியது.

புளோரினுக்கு ஒரு தம்பி உண்டு. புளோரின் 18 என்று பெயர். குணத்தில் அண்ணனைப் போலவேதான். அவனும் எலும்பைத் தேடித்தான் போவான். ஒரே வித்தியாசம், தம்பி கதிர் வீசுவான். கிணற்றிலும் பாறையிலும் அவனைத் தேடினால் கிடைக்கமாட்டான். சைக்ளோட்ரான் என்னும் பெரிய யந்திரத்தில்தான் அவனை உண்டாக்க வேண்டும். ஆகவே, தர்மபுரித் தண்ணீரில் கதிரியக்கம் இருக்கிறதாக்கும் என்று யாரும் பயந்துவிடாதீர்கள். அது வேறு, இது வேறு.

இந்தத் தம்பிக்கு ஆயுசு மிகக் குறைவு. 110 நிமிஷத்தில் பாதி தீர்ந்துவிடும். அடுத்த 110 நிமிஷத்தில் மிச்சத்தில் பாதி தீர்ந்துவிடும். இப்படியே 11 மணி நேரம் போனால் அறுபத்து நாலில் ஒரு பங்குதான் மீதி. தீரும்போது என்ன நடக்கிறது தெரியுமா? ஒவ்வோர் அணுவும் அழியும் இடத்திலிருந்து நேர் எதிர் எதிர்த் திசைகளில் இரண்டு கதிர்கள் புறப்படுகின்றன. சுற்றிலும் வளையம் போல் யந்திரக் கண்களை வைத்திருந்தால், இரண்டு கதிர்களும் எந்தெந்தக் கண்ணில் பட்டன என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடலாம். இப்படி ஆயிரமாயிரம் கோடுகள் போட்டால், அவை எங்கே கூடுகின்றனவோ அங்கேதான் மருந்து தங்கியிருக்கிறது என்று அர்த்தம். இதற்குத்தான் ‘பெட் ஸ்கான்’ என்று பெயர். நம் தேசத்தில் இந்த யந்திரம் முதலில் வந்தது பம்பாயில், அணுசக்தி ஸ்தாபனத்தைச் சேர்ந்த கதிர் மருத்துவ மையத்துக்கு. அது 2002-ம் வருஷம்.

எக்ஸ்ரேக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எக்ஸ்ரே வீட்டின் சுவரையும் தூணையும் காட்டும். பெட் ஸ்கானோ எந்த அறையில் விளக்கு எரிகிறது, எந்த அடுப்பில் உலை கொதிக்கிறது என்பதைக் காட்டும்.

1962-ல் பிளௌ, நாக்லர், பெண்டர் என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், எலும்பைப் படம் பிடிக்கப் புளோரின் 18 உதவும் என்று எழுதினார்கள். பிறகு வேறு சிலர், “எலும்புக்கு மட்டும்தானா? இந்தத் தம்பியைச் சர்க்கரையோடு சேர்த்து அனுப்பினால் என்ன?” என்று யோசித்தார்கள். உடம்பில் எந்த உறுப்பு அதிகமாக உழைக்கிறதோ அது அதிகமாகச் சர்க்கரை தின்னும் அல்லவா? நியூயார்க் பக்கத்தில் புரூக்ஹேவன் என்னும் இடத்தில் உள்ள தேசிய ஆராய்ச்சி சாலையில் அந்தச் சர்க்கரையைத் தயாரித்தார்கள். 1976 ஆகஸ்டில் அதை விமானத்தில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். பால் திரிவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று பால்காரர் பறப்பதைப் போன்ற அவசரம்! பெனிசில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் இரண்டு பேர் தாமாக முன்வந்து அதை உடம்பில் ஏற்றிக்கொண்டார்கள். உயிரோடு இருக்கும் மனித மூளை சர்க்கரை தின்பதை அன்று முதன்முதலாகப் படத்தில் பார்த்தார்கள்.

“ஆடாதே, அசையாதே!”

எல்லாம் சரி, ஒரே ஒரு சங்கடம். படம் பிடிக்கும்போது அசையக் கூடாது.

அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டூடியோவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படம் விழ அதிக நேரம் ஆனதால், தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவ்வியை வைத்து நிறுத்துவார்களாம். குழந்தை கொஞ்சம் திரும்பிவிட்டால் அதற்கு இரண்டு மூக்கு! பெட் ஸ்கானிலும் அதே கதைதான். கால் மணி, அரை மணி என்று படுத்திருக்க வேண்டியிருக்கிறது. பெரியவர்களிடம் சொன்னால் கேட்பார்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்! அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்குச் சில சமயம் மருந்து கொடுத்துத் தூங்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். ஸ்கான் அறைக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து, “கண் விழித்துவிட்டானா?” என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களுக்கு அந்த அரை மணியின் நீளம் தெரியும்.

சுண்டெலியிடம் என்ன சொல்வது? “கண்ணே, கொஞ்சம் ஆடாமல் இரு” என்றால் அது கேட்குமா? ஆனால் புது மருந்துகள் மனிதனிடம் வருவதற்கு முன்னால் பெரும்பாலும் எலியிடம்தான் போகின்றன. மருந்து மூளைக்குள் போகிறதா, எங்கே தங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். ஆகவே எலிக்கும் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். வருஷக்கணக்கில் இதுவே வழக்கமாக இருந்தது.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ஓர் அதிகாரி உங்கள் வீட்டு வேலைகளைக் கணக்கெடுக்க வருகிறார். இரவு 12 மணிக்கு வருகிறார்! வீடு இருட்டாக இருக்கிறது; அடுப்பு அணைந்திருக்கிறது; நீங்கள் அயர்ந்து தூங்குகிறீர்கள். ‘இந்த வீட்டு அம்மாள் வேலையே செய்வதில்லை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அவர் பார்த்ததில் பொய் இல்லை. ஆனால் எழுதியது நியாயமா?

மயக்கத்தில் இருக்கும் மூளையைப் பார்ப்பதும் இப்படித்தான். மயக்க மருந்து வேலை செய்வதே மூளையில்தானே? சர்க்கரைச் செலவு மாறுகிறது. ரத்த ஓட்டம் மாறுகிறது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் பேச்சும் மாறிவிடுகிறது. சரி, மயக்காமல் கட்டிப் பிடித்து வைத்தால்? பயத்தில் அதன் நெஞ்சு படபடக்கும். அப்போது தெரிவது மருந்தின் வேலையா, பயத்தின் வேலையா?

எலி ஓடட்டும், படம் நிற்கட்டும்

எலியை நிறுத்த முடியாவிட்டால் போகட்டும், எலி எவ்வளவு அசைந்தது என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டால் போதாதா? இப்படி யோசித்தவர்கள் அமெரிக்காவில் ஜெபர்ஸன் ஆராய்ச்சி சாலை, ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சி சாலை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்த யந்திரத்துக்கு ‘அவேக் ஸ்பெக்ட்’ என்று பெயர். ‘விழித்திருக்கும் ஸ்பெக்ட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட் என்பது பெட் ஸ்கானுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. இரட்டைக் கதிருக்குப் பதில் ஒற்றைக் கதிரைப் பார்ப்பது.

சுண்டெலிக்கு வளை என்றால் பிரியம். ஆகவே வளை மாதிரி ஒரு சிறு குழலுக்குள் அதை விட்டுவிடுகிறார்கள். தலையில் குங்குமப் பொட்டு வைத்த மாதிரி, ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னஞ்சிறு பொட்டுகளை ஒட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் காமிராக்கள் அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருக்கும். எலி தலையை இடப்புறம் திருப்பினால், இந்தக் கணத்தில் இத்தனை தூரம் திரும்பியது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அதே சமயம் கதிரைப் பார்க்கும் கண்கள் எலியைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். கடைசியில் இரண்டு கணக்கையும் சேர்த்து, ஒவ்வொரு கதிரையும் அதற்குரிய இடத்தில் வைத்துவிடுகிறது கம்ப்யூட்டர். எலி ஆடியது, படம் ஆடவில்லை!

2013-ல் அவர்கள் வெளியிட்ட செய்திதான் இந்தக் கட்டுரைக்கே உயிர். டோபமைன் என்று ஒரு ரசாயனம் உண்டு. மூளையில் தகவல் கொண்டுபோகும் தபால்காரர் அது. அது குறைந்தால்தான் வயதானவர்களுக்குக் கை நடுங்கும் பார்க்கின்ஸன் வியாதி வருகிறது. டோபமைன் நரம்புகளைப் படத்தில் காட்டுவதற்காக டாக்டர்கள் உபயோகிக்கும் மருந்தை மயக்கத்தில் இருந்த சுண்டெலிகளுக்கும் கொடுத்தார்கள், விழித்திருந்த சுண்டெலிகளுக்கும் கொடுத்தார்கள். மயக்கத்தில் இருந்தவற்றின் மூளை ஏற்றுக்கொண்ட அளவில் பாதியைக்கூட, விழித்திருந்தவற்றின் மூளை ஏற்றுக்கொள்ளவில்லை!

இதன் அர்த்தம் புரிகிறதா? அதே மருந்து, அதே சாதி எலி. தூக்கத்தில் ஒரு கணக்கு, விழிப்பில் ஒரு கணக்கு. நாளைக்கு உங்கள் மாமனாருக்கோ தகப்பனாருக்கோ வரப்போகும் மருந்தைப் பற்றி எந்தக் கணக்கை நம்புவது? நோயாளி விழித்திருந்துதானே மருந்து சாப்பிடப் போகிறார்!

எலிக்கு ஒரு தொப்பி

புரூக்ஹேவன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1976-ல் சர்க்கரையை விமானம் ஏற்றிய அதே ஆராய்ச்சி சாலைதான். எலி யந்திரத்துக்குள் போக வேண்டாம், யந்திரமே எலியின் தலைக்கு வரட்டும் என்றார்கள். பெரிய பெட் ஸ்கானைச் சுருக்கிச் சுருக்கி, 38 மில்லிமீட்டர் துவாரம் உள்ள ஒரு வளையமாக்கிவிட்டார்கள். அந்தச் சின்ன வளையத்துக்குள் 384 பளிங்குத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு கண். இந்தத் தொப்பிக்கு ‘ராட்காப்’ என்று பெயர்.

தொப்பியின் எடை 250 கிராம். போட்டுக்கொள்ளும் எலியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். நம் தலையில் நம்மையே தூக்கி வைத்தால் எப்படி இருக்கும்? ஆகவே தூளியைப் போல ஸ்பிரிங் கட்டி மேலிருந்து தொங்கவிட்டார்கள். பாரம் மேலே போய்விட்டது. எலி இஷ்டம் போல் நடமாடலாம். முதலில் தொப்பியைப் போட்டுப் பழக்கிவிட்ட பிறகே படம் எடுத்தார்கள். எலி மூலையை முகர்ந்தது, திரும்பியது, நடந்தது. அதே நேரத்தில் அதன் மூளைக்குள் நடப்பதும் பதிவாயிற்று.

2011-ல் வெளியான இந்த ஆராய்ச்சியிலும் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சுறுசுறுப்பான எலியின் மூளையில் டோபமைன் அதிகமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடைத்த விடையோ நேர் மாறாக இருந்தது. நடமாட்டம் அதிகமாக இருந்த எலிகளில் டோபமைன் குறைவாகத் தெரிந்தது. தூங்கும் எலியிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாதே!

ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக் கழகத்தார் செய்தது இன்னும் வேடிக்கை. எலி இருக்கும் பெட்டியையே ஒரு யந்திரக் கை பிடித்துக்கொள்ளும். எலி முன்னால் போனால் பெட்டி பின்னால் நகரும். எலி நடந்துகொண்டே இருக்கும்; ஆனால் யந்திரத்தின் பார்வையை விட்டுப் போகாது.

இதெல்லாம் எலியோடு நின்றுவிடப் போவதில்லை. மேற்கு வெர்ஜினியாப் பல்கலைக் கழகத்தில், மனிதர் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கவும் அசையவும் கூடிய பெட் தொப்பியை உருவாக்குவதில் முனைந்தார்கள். தொட்டிலில் படுத்த குழந்தை ஒரு முறை திரும்பிப் படுத்தாலும் படம் கெடாது என்ற நாள் வரட்டும். வெளியே பெஞ்சியில் காத்திருக்கும் தாய்க்கு அதைவிட என்ன வேண்டும்?

அதியமானும் எலியும்

இவ்வளவு கேட்ட பிறகு உங்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். எலி பாவமில்லையா?

எழத்தான் வேண்டும். இந்தக் கேள்வியைப் பாராளுமன்றத்திலேயே எழுப்பியவர் நம் சென்னைப் பெண்மணி ஒருவர்தான். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நாட்டியத்துக்காக எல்லாரும் அறிவோம். 1952-ல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்ற அவர், வாயில்லாப் பிராணிகளுக்காக மசோதா கொண்டுவந்து வாதாடினார். அந்த முயற்சியின் பலனாக 1960-ல் மிருகவதைத் தடைச் சட்டம் வந்தது. பிராணிகளின் மேல் நடக்கும் சோதனைகளைக் கண்காணிக்கக் குழு வேண்டும், வலி தெரியாமல் இருக்கக் கூடியவரை மயக்க மருந்து கொடுத்தே அறுவைச் சோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது.

ஆகவே மயக்க மருந்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வலி இருக்கும் இடத்தில் அது கருணை. வலி இல்லாத இடத்தில், வெறுமே அசையாமல் இருப்பதற்காகக் கொடுக்கும்போதுதான் அது உண்மையை மறைக்கிறது. வெளியிலிருந்தே மூளையைப் பார்க்கும் இந்த முறையில் எலிக்கும் ஒரு லாபம் உண்டு. முன்பெல்லாம் மருந்து எங்கே போயிற்று என்று பார்க்க, ஒரு மணிக்கு ஓர் எலி, இரண்டு மணிக்கு வேறோர் எலி என்று அறுத்துப் பார்ப்பார்கள். இப்போது ஒரே எலியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எத்தனையோ எலிகள் மிச்சம்.

தர்மபுரிக்குத் தகடூர் என்று பழைய பெயர். அதை ஆண்ட அதியமான், ஆயுளை வளர்க்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவன் தெரிந்தே கொடுத்தான். எலி அப்படி இல்லை. நம் ஆயுளுக்காக அது எதையோ கொடுக்கிறது; ஆனால் கொடுக்கிறாயா என்று அதை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் வாங்குகிறவர்கள், வாங்குவதை வீணாக்காமல் இருக்க வேண்டும். பொய்க் கணக்குக் கொடுக்கும் சோதனையில் ஓர் எலியைச் செலவழிப்பதைவிட வேறு வீண் எது?

வீட்டுக்கு ஒரு குறிப்பு

உங்கள் வீட்டில் யாருக்காவது பெட் ஸ்கான் எடுக்கச் சொன்னால் பயப்படாதீர்கள். சுமார் ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் போல ஓர் அறையில் பேசாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். உழைக்கும் இடத்துக்குச் சர்க்கரை போகும். வாயில் எதையாவது மென்றால் தாடைத் தசை படத்தில் பிரகாசிக்கும். வம்பு பேசினால் தொண்டைத் தசை பிரகாசிக்கும். டாக்டர் எதையோ கண்டு வீணாகக் கலங்க நேரும். வீட்டுக்கு வந்ததும் அன்று ஒரு பொழுது கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மறுநாள் காலைக்குள் அந்தத் தம்பி ஏறக்குறைய முழுதும் விடை பெற்றிருப்பான்.

அந்தத் தர்மபுரிக் கல்யாண ஆல்பத்தைக் கீழே வைப்பதற்கு முன் கடைசிப் பக்கங்களையும் பாருங்கள். போட்டோக்காரர், “அசையாமல் நில்லுங்கள்” என்று சொல்லாத நேரத்தில் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். பந்தியிலோ, நலங்கிலோ யாரோ எதையோ சொல்ல, உதட்டை மூடிக்கொண்டு நின்ற அதே அத்தை பல்லைப் பற்றிய நினைவே இல்லாமல் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். தலை கொஞ்சம் ஆடி, படம் கலங்கலாகத்தான் விழுந்திருக்கும்.

இருந்தாலும், அத்தை யார் என்று கேட்டால் வீட்டார் அந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள்.